ஜாவா கிராமத்தில் வீடு, வயல், சொத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய ஜாவாவில், யோக்யகர்த்தாவுக்கும் சோலோ நகரத்துக்கும் இடையில் கிளாத்தென் என்ற மாவட்டம் இருக்கிறது. என் மனைவி அங்கே ஒரு நெல் கிராமத்தில் பிறந்தவர். நாங்கள் இப்போது அங்கேதான் குடியிருக்கிறோம். இந்தோனேசியக் கிராமங்களைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலருக்கு இங்கே நிலம் வாங்கும் எண்ணம் உண்டு. சிலர் இந்தோனேசியரை மணந்திருக்கிறார்கள். வேறு சிலருக்கு இன்னொரு நாட்டு உழவர் எப்படி வாழ்கிறார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை. எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: இங்கே ஒரு வயலின் பத்திரத்தில் ஒருவர் பெயர்தான் இருக்கும், ஆனால் அந்த வயலை நம்பிச் சாப்பிடுகிறவர்கள் பலர். அவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஊர் புரியும்.

ஊர் பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?

வீடுகள் எல்லாம் ஒரு தோப்புக்குள் அடங்கியிருக்கும். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். வயல் நடுவில் பச்சைத் தீவுபோல் நிற்கும் அந்தத் தோப்புதான் குடியிருப்பு. அதை டூசுன் என்பார்கள். சில டூசுன்கள் சேர்ந்தது ஒரு தேசா. நம் 'தேசம்' என்ற சொல்லேதான் இங்கே கிராமத்துக்குப் பெயராகிவிட்டது.

நிலம் மூன்று வகை. தண்ணீர் கட்டி நெல் நடும் வயல் சாவா. வானம் பார்த்த புன்செய் தெகால். வீட்டைச் சுற்றிய கொல்லை பெகாராங்ஙான். கொல்லையில் தென்னை, வாழை, பப்பாளி, மரவள்ளி, நாலைந்து கோழி என்று எல்லாம் கலந்து கிடக்கும். பார்க்கிறவருக்குப் புதர்போலத் தெரியும். ஆனால் குடும்பத்தின் அன்றாடக் கறி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. வடமேற்கே மெராப்பி எரிமலை. அது கக்கிய சாம்பல்தான் இந்த மண்ணின் வளம்.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நிலம் இருக்கும்?

மிகக் குறைவு. எங்கள் பக்கம் வயலைப் 'பாத்தோக்' கணக்கில் சொல்வார்கள். ஊருக்கு ஊர் அளவு மாறும். எங்கள் ஊரில் ஒரு பாத்தோக் ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர், அதாவது அரை ஏக்கர். இரண்டு பாத்தோக் வைத்திருப்பவரை ஊர் வசதியானவர் என்கிறது.

அரை ஹெக்டேருக்கும் குறைவாக நிலம் வைத்து உழைப்பவரை இந்தோனேசியாவில் 'பெத்தானி குரெம்' என்பார்கள். பெத்தானி என்றால் உழவர், குரெம் என்றால் கோழியின் மேல் ஊரும் பேன். அரசாங்கப் புள்ளிவிவரமும் இதே பெயரைத்தான் பயன்படுத்துகிறது. 2013ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில் இப்படிப்பட்ட குடும்பங்கள் 1 கோடியே 42 லட்சம். 2023இல் அது 1 கோடியே 68 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தேசத்துக்கே சோறு போடுகிறவர்களுக்கு இப்படி ஒரு பெயரா என்று எனக்கு இன்றும் மனம் கசக்கிறது.

நிலத்தின் சொந்தக்காரரே உழுகிறாரா?

பாதிப் பேர் அப்படித்தான். மீதி வயல்கள் வாரத்துக்கு, அதாவது விளைச்சலைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் போகும். விளைச்சலில் ஆளுக்குப் பாதி என்றால் 'மாரோ'. உரம், விதை, உழவுக்கூலி எல்லாவற்றையும் நிலக்காரர் ஏற்றுக்கொண்டு, பயிரிட்டவருக்கு மூன்றில் ஒரு பங்கு தந்தால் 'மெர்த்தெலு'. செலவை யார் எவ்வளவு போடுவது என்பதெல்லாம் இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிப்பது. பணமாக முன்கூட்டியே கொடுத்து ஆண்டுக் குத்தகைக்கு எடுப்பதும் உண்டு.

வாரத்துக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் 2ஆம் எண் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில், கிராமத் தலைவர் முன்னிலையில் செய்ய வேண்டும் என்கிறது. வயலுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, புன்செய்க்கு ஐந்து ஆண்டு கொடுக்க வேண்டும். பயிரிடுபவரை இடையில் கிளப்பக்கூடாது என்பதற்காக வந்த நல்ல சட்டம். ஆனால் எங்கள் ஊரில் அப்படி எழுதிய ஒரு காகிதத்தைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. பத்து வருடம் உழுதவரிடம் "அடுத்த போகம் என் மருமகன் பார்த்துக்கொள்வான்" என்று ஒரு வரி சொன்னால் போதும், அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஏன் எழுதிக்கொள்வதில்லை என்பதற்கான காரணத்தைக் கீழே தனியாகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்திலேயே கனமான பகுதி அதுதான்.

நிலமும் இல்லை, வாரமும் இல்லை என்றால் என்ன செய்வார்கள்?

நடவுக்கும் அறுவடைக்கும் போவார்கள். நடவைத் 'தண்டூர்' என்பார்கள். வரிசை பிடித்துக்கொண்டே பின்னால் நகர்வது என்று அந்தச் சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்வது ஊர் வழக்கம். பெண்கள்தான் நடுவார்கள்.

அறுவடையில் கூலிக்குப் பதில் நெல்லாகவே ஒரு பங்கு உண்டு. அது பாவோன். அறுத்ததில் ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று என்று ஊருக்கு ஊர் மாறும். ஒரு காலத்தில் அறுவடைக்கு வந்த எவரையும் திருப்பி அனுப்ப முடியாது. பெண்கள் உள்ளங்கையில் அடங்கும் 'ஆனி-ஆனி' என்ற சிறு கத்தியால் கதிர் கதிராகக் கொய்வார்கள். நெல்லின் தெய்வமான தேவி ஸ்ரீ பெரிய அரிவாளைக் கண்டால் பயந்துவிடுவாள் என்பதால் கத்தியைக் கைக்குள் மறைத்துப் பிடிப்பார்களாம். என் மாமியாரிடம் இன்னும் ஒரு ஆனி-ஆனி இருக்கிறது. மூங்கில் பிடியில் அவர் அம்மாவின் விரல் பதிந்த இடம் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. அந்தக் கத்தி ஒரு வேலையின் அடையாளம் மட்டும் அல்ல. அதை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கிய எந்த ஏழைப் பெண்ணுக்கும் அன்று நெல் உண்டு என்பதற்கு அது அத்தாட்சி.

1960களின் இறுதியிலிருந்து குட்டை நெல் ரகங்கள் வந்தன. அவற்றை அரிவாளால் அறுப்பதே எளிது. கூடவே 'தெபாசான்' பரவியது. வியாபாரி ஒருவர் அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே வந்து, நிற்கும் பயிரை மொத்தமாக விலை பேசிவிடுவார். பிறகு தன் ஆட்களை அழைத்து வந்து அறுப்பார். அண்டை வீட்டுப் பெண் வந்து நின்றாலும், "நான் விற்றுவிட்டேனே, வியாபாரியைக் கேள்" என்று நிலக்காரர் சொல்லிவிடலாம். இப்போது அறுவடை இயந்திரமும் வந்துவிட்டது. இந்தோனேசியா 1984இல் அரிசியில் தன்னிறைவு அடைந்தது. அது பெரிய சாதனைதான். ஆனால் அதற்கு விலையாகக் கொடுத்ததில் இந்தப் பெண்களின் பாவோனும் சேர்த்தி என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

நிலத்துக்கு என்ன ஆவணம்?

மூன்று காகிதங்கள் பேச்சில் அடிபடும். மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒன்று, 'லெட்டர் சி'. கிராம அலுவலகத்தில் இருக்கும் பழைய பேரேடு. யார் எந்த நிலத்துக்கு வரி கட்டினார் என்பது அதில் இருக்கும். ஊரார் இதையே உரிமைப் பத்திரமாக நினைக்கிறார்கள். சட்டப்படி அது வரிக்கணக்கு மட்டுமே. எங்கள் ஊர் ஏட்டை ஒருமுறை பார்த்தேன். ஒரு பெயரை அடித்துவிட்டு மேலே இன்னொரு பெயர், அதையும் அடித்து ஓரத்தில் மூன்று பெயர்கள், பக்கத்தில் 'வாரிசு' என்று ஒரு குறிப்பு. ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறை ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது.

இரண்டு, ஆண்டுதோறும் வரும் நிலம் மற்றும் கட்டட வரிச் சீட்டு. இதுவும் உரிமைச் சான்று இல்லை.

மூன்று, நில அலுவலகம் தரும் செர்திஃபிகாட். இதுதான் வலுவான சான்று. 'ஹாக் மிலிக்' என்று போட்டிருந்தால் முழு உரிமை. 2017 முதல் அரசு ஊர் ஊராக ஒட்டுமொத்தமாக அளந்து பதிவு செய்யும் திட்டத்தை நடத்தியது. முன்னேற்பாட்டுக்காக ஜாவாவிலும் பாலியிலும் வசூலிக்கக்கூடிய தொகையை 1,50,000 ரூப்பியா என்று வரையறுத்தார்கள். 2021இல் வந்த அரசு ஒழுங்குமுறை, பழைய ஏட்டுக் காகிதங்கள் வைத்திருப்போர் ஐந்தாண்டுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. அதன் பிறகு அவை பதிவின்போது ஒரு குறிப்பாக மட்டுமே உதவும்.

பதிவு செய்யுங்கள் என்றுதான் நானும் எல்லோரிடமும் சொல்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை. அளக்க வருகிற அன்று உடன்பிறந்தவர்கள் அனைவரும் ஊரில் இருக்கிறார்களா என்று பாருங்கள். "இப்போதைக்கு அண்ணன் பெயரில் இருக்கட்டும்" என்று வாயால் சொன்னது, பத்து ஆண்டு கழித்து அண்ணன் மகனுக்குத் தெரியாது. வங்கிக்கும் தெரியாது.

கிராமத் தலைவருக்குச் சம்பளமாக நிலம் கொடுப்பார்கள் என்பது உண்மையா?

உண்மை. அந்த நிலத்துக்குப் 'பெங்கொக்' என்று பெயர். மானிய நிலம் என்று சொன்னால் நமக்கு உடனே புரியும். தலைவர், கணக்கர், நீர் பங்கீட்டாளர் என்று ஒவ்வொரு பதவிக்கும் இவ்வளவு வயல் என்று உண்டு. பதவி இருக்கும்வரை விளைச்சல் அவருக்கு. பதவி போனால் வயல் அடுத்தவருக்கு. விற்க முடியாது, பிள்ளைகளுக்கு எழுதி வைக்க முடியாது.

2014ஆம் ஆண்டுக் கிராமச் சட்டத்துக்குப் பிறகு தலைவர்களுக்கு ஒழுங்கான பணச் சம்பளமும் வந்துவிட்டது. 2015 முதல் மத்திய அரசு ஒவ்வொரு கிராமத்துக்கும் நிதி அனுப்புகிறது. இருந்தாலும் எங்கள் பக்கம் பெங்கொக் போகவில்லை. தலைவர் தேர்தலில் இவ்வளவு போட்டி இருப்பதற்கு இந்த வயல்களும் ஒரு காரணம். 2024 திருத்தத்தின்படி தலைவரின் பதவிக்காலம் எட்டு ஆண்டு, அதிகம் போனால் இரண்டு முறை.

பெற்றோர் சொத்து எப்படிப் பிரிகிறது? பெண்ணுக்குப் பங்கு உண்டா?

உண்டு. இதில் ஜாவாவைப் பார்த்து எனக்கு உண்மையாகவே மதிப்பு கூடியது. பெண்ணுக்கு வயல் கொடுக்கலாமா என்ற கேள்வியே இங்கே எழுவதில்லை. எவ்வளவு என்பதில்தான் பேச்சு. 'செபிக்குல் செகெண்டோங்' என்று ஒரு வழக்கு உண்டு. ஆண் தோளில் காவடித்தண்டு போட்டு இரண்டு பக்கமும் சுமப்பான், பெண் இடுப்பில் ஒரு சுமையை அணைத்துக்கொள்வாள். ஆகவே இரண்டுக்கு ஒன்று. இஸ்லாமியப் பாகப்பிரிவினையோடும் இது ஒத்துப்போகிறது. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம் என்று பிரிக்கும் குடும்பங்களும் நிறைய. எங்கள் வீட்டில் சமமாகத்தான் பிரித்தார்கள்.

பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிரிப்பதுதான் பெரும்பாலான வழக்கம். மூத்தவருக்குக் கல்யாணம் ஆனதும் ஒரு துண்டு, அடுத்தவருக்கு ஒரு துண்டு. வயதான காலத்துக்குத் தங்களுக்கென்று கொஞ்சம் நிறுத்திக்கொள்வார்கள். பிறந்த வீடு, கடைசிவரை பெற்றோரைப் பார்த்துக்கொண்ட பிள்ளைக்குப் போகும். பெரும்பாலும் கடைக்குட்டி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வயலை இரண்டு ஹெக்டேருக்குக் கீழே துண்டாக்கக்கூடாது என்று 1960 சட்டம் சொல்கிறது. வாரிசுரிமைக்கு மட்டும் விலக்கு. நிலம் துண்டாவதே வாரிசுரிமையால்தான். என் மனைவியின் தாத்தாவுக்கு இருந்த வயலில், இன்று பேரப்பிள்ளைகள் பதினொரு பேருக்குப் பங்கு. சிலருக்கு வந்திருப்பது ஒரு பூப்பந்து மைதானம் அளவு.

தத்துப்பிள்ளைக்கு?

'இரண்டு கிணற்றில் நீர் இறைக்கிறவன்' என்று மத்திய ஜாவா வழக்கு சொல்கிறது. பெற்றவர்களிடமும் பங்கு, வளர்த்தவர்களிடமும் பங்கு. 1991இல் வந்த இஸ்லாமியச் சட்டத் தொகுப்பு, வளர்த்தவர் சொத்தில் அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு என்று வரையறுத்தது.

கணவன் மனைவி பிரிந்தால்?

கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சேர்த்தது 'கோனோ-கீனி'. அது ஆளுக்குப் பாதி. பிறந்த வீட்டிலிருந்து வந்தது அவரவருக்கு. மனைவி வயலில் கணவன் இருபது வருடம் உழைத்திருந்தாலும் வயல் மனைவியுடையதே.

நான் இந்தியக் குடிமகன். ஒரு வயல் வாங்கலாமா?

முடியாது. 1960ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டம் ஹாக் மிலிக்கை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. வெளிநாட்டவருக்கு 'ஹாக் பாக்காய்' என்ற பயன்பாட்டு உரிமை, அதுவும் நிபந்தனைகளோடு.

இந்தோனேசியரை மணந்தவர்களுக்கு இன்னொரு செய்தி. நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. கல்யாணத்துக்கு முன் சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் எதுவும் நாங்கள் எழுதவில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பக்கத்து வயல் விலைக்கு வந்தபோது என் மனைவி தன் பெயரில் வாங்கப் போனார். நோட்டரி எங்கள் திருமணச் சான்றிதழைப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிட்டார். கல்யாணத்துக்குப் பின் வாங்குவது பொதுச்சொத்து. பொதுச்சொத்தில் பாதி வெளிநாட்டவருடையது. வெளிநாட்டவர் ஹாக் மிலிக் வைத்திருக்க முடியாது. ஆகவே மனைவியாலும் வாங்க முடியாது. சொந்த ஊரில், தான் பிறந்த மண்ணில், என்னை மணந்த காரணத்தாலேயே ஒரு துண்டு வயல் வாங்க முடியாமல் அவர் திரும்பி வந்த அந்த மாலையை நான் மறக்கவில்லை.

2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. அதன்பின், கல்யாணத்துக்குப் பிறகும் இப்படி ஒரு ஒப்பந்தத்தை நோட்டரி முன் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். நாங்கள் செய்துகொண்டோம். நீங்கள் கல்யாணத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். பெற்றோரிடமிருந்து மனைவிக்கு வாரிசாக வரும் நிலத்துக்கு இந்தத் தடை இல்லை. அது அவருடைய தனிச்சொத்து. வெளிநாட்டவர் ஒருவருக்கே வாரிசாக நிலம் வந்தால், ஓராண்டுக்குள் உரிமையைக் கைமாற்றிவிட வேண்டும்.

உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று தரகர் சொல்கிறாரே?

செய்யாதீர்கள். வெளிநாட்டவருக்கு மறைமுகமாகக் கைமாற்றும் எந்த ஏற்பாடும் அடிப்படை நிலச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது.

ஜகார்த்தாவில் இருப்பவர்கள் இங்கே வயல் வாங்குகிறார்களா?

வாங்குகிறார்கள். விளைநிலத்தின் சொந்தக்காரர் அந்த நிலம் இருக்கும் வட்டத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று 1961 முதல் விதி இருக்கிறது. ஒட்டிய வட்டத்தில் இருந்தாலும் பரவாயில்லை, அரசு ஊழியர்களுக்கும் விலக்கு உண்டு. மற்றவர்கள் ஊர்க்காரர் ஒருவருக்குக் கைமாற்ற வேண்டும். நடைமுறையில் முகவரியை மட்டும் மாற்றிக்கொண்டு வாங்கிவிடுகிறார்கள். வயல் வயலாகத்தான் இருக்கும், அதே ஆள்தான் உழுவார். ஆனால் பஞ்சம் வந்த வருடம் பங்கைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி முகத்தைப் பார்த்துக் கேட்க, அங்கே ஒரு முகம் இருக்காது.

ஒற்றி வைக்கும் வழக்கம் உண்டா?

'காடாய்' என்பார்கள். பணம் கொடுத்தவர் வயலை எடுத்துப் பயிரிட்டுக்கொள்வார். பணம் திரும்பி வரும்வரை விளைச்சல் அவருக்கு. பிள்ளையின் படிப்பு, வெளிநாட்டு வேலைக்கான செலவு, மருத்துவமனை என்று காரணங்கள் எங்கும் ஒன்றுதான்.

இங்கே ஒரு சட்டம் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், தெரிந்தவர்களிடமும் சொல்லுங்கள். 1960ஆம் ஆண்டின் 56ஆம் எண் சட்டம், 7ஆம் பிரிவு: ஏழு ஆண்டு ஒற்றியில் இருந்த விளைநிலத்தைப் பணம் எதுவும் வாங்காமல் சொந்தக்காரரிடம் திருப்பித் தர வேண்டும். ஏழு ஆண்டு விளைச்சலில் கடன் தீர்ந்துவிட்டது என்பது கணக்கு. பதினைந்து ஆண்டாக ஒற்றியில் கிடக்கும் வயல்கள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. உறவு கெட்டுவிடும் என்று யாரும் வாய் திறப்பதில்லை.

நிலம் ஒருவருடையது, வீடு இன்னொருவருடையது என்று இருக்க முடியுமா?

முடியும், நிறையவே இருக்கிறது. ஜாவா வழக்கில் மண் வேறு, அதன் மேல் நிற்கும் வீடு வேறு. பழைய ஜோக்லோ வீடுகள் தேக்குத் தூண்களைக் கோத்துக் கட்டியவை. கழற்றி வண்டியில் ஏற்றி, வேறு ஊரில் மறுபடி நிறுத்தலாம். அப்படித்தான் விற்பார்கள். பணத்தேவை வந்த குடும்பம் வீட்டை விற்றுவிட்டு, அதே மனையில் சின்னதாகச் செங்கல் வீடு கட்டிக்கொள்ளும். 2006 மே 27 விடியற்காலை நிலநடுக்கத்தில் 5,700 பேருக்கு மேல் இறந்தார்கள். யோக்யகர்த்தாவின் பந்தூலும் எங்கள் கிளாத்தெனும் நொறுங்கின. பெரும்பாலோர் இறந்தது செங்கல் சுவர் சரிந்து.

நிலமில்லாதவர் மற்றவர் கொல்லையில் குடிசை போட்டுக்கொள்வது 'ஙிண்டுங்'. வாடகை கிடையாது. வீட்டுக்காரருக்குக் கல்யாணம், சாவு என்றால் முதல் ஆளாக வந்து வேலை செய்வார்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ஜாவா கிராமத்தில் வயலும் மனையும் வீடும் உள்ள முழு உரிமைக் குடியானவருக்குப் பெயர் 'கூலி கெஞ்செங்'. அந்தக் 'கூலி' நம் தமிழ்ச் சொல்தான் என்பது பரவலான கருத்து. நம்மிடம் நிலமில்லாதவரைக் குறிக்கும் சொல் இங்கே நிலமுள்ளவரைக் குறித்தது. காரணம், நிலம் இருந்தால்தான் ஊருக்கும் அரசனுக்கும் உடலுழைப்பு கொடுக்கும் கடமை வந்தது. நிலமும் உழைப்புக் கடனும் ஒரே முடிச்சு.

வாரத்தை ஏன் எழுதிக்கொள்வதில்லை?

கிளாத்தென் வயல்கள் ஒரு காலத்தில் சூரகர்த்தா, அதாவது சோலோ, அரசருடையவை. அரச குடும்பத்தாரும் அதிகாரிகளும் அவற்றை அனுபவித்தார்கள். அவர்களிடமிருந்து ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் குத்தகைக்கு எடுத்து, நெல் வயலிலேயே கரும்பும் சுருட்டுப் புகையிலையும் போட வைத்தார்கள். 1910களில்தான் உழவருக்கு நிலத்தில் நிலையான உரிமை வந்தது. விடுதலைக்குப் பின் 1960இல் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள். மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிகளில் வயல் உச்சவரம்பு 5 ஹெக்டேர் என்றார்கள், வாரத்துக்குச் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வரவில்லை. 1963, 64இல் கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்த உழவர் முன்னணியினர் சட்டம் சொன்ன பங்கைத் தாங்களே எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அது சூடுபிடித்த இடங்களில் கிளாத்தென் முக்கியமானது. நிலக்காரர்கள் எதிர்த்தார்கள். ஊர் இரண்டாகப் பிளந்தது.

1965 அக்டோபருக்குப் பின், கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி, நாடு முழுவதும் ஐந்து லட்சம் பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. சட்டப்படி ஒரு பங்கு நெல் கேட்டதைத் தவிர வேறொன்றும் செய்யாதவர்களும் அதில் இருந்தார்கள். சட்டங்களை யாரும் நீக்கவில்லை. அவை இன்றும் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் "எழுத்தில் போட்டுக்கொள்ளலாமா" என்ற ஒரு வாக்கியம் அதன்பின் பல பத்தாண்டுகள் ஆபத்தான வாக்கியம் ஆகிவிட்டது. நான் ஒருமுறை விளையாட்டாக எங்கள் வயலை உழும் பெரியவரிடம் எழுதிக்கொள்வோமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேண்டாம் தம்பி, இப்படியே இருக்கட்டும்" என்றார். அன்று இரவு மாமனார்தான் எனக்கு விளக்கினார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

ஊரில் குடியிருந்தால் என்னென்ன கடமை?

இரவுக் காவல் உண்டு. வீட்டுக்கு ஒரு ஆண் முறை வைத்துப் போக வேண்டும். வாசலில் ஒரு சின்ன டப்பா தொங்கும். அதில் தினமும் ஒரு பிடி அரிசி போட வேண்டும், அல்லது ஒரு 500 ரூப்பியா நாணயம். காவல் சுற்றுகிறவர்கள் எடுத்துச் செல்வார்கள். இதற்கு 'ஜிம்பித்தான்', அதாவது விரல் நுனியால் எடுத்த அளவு என்று பெயர். அந்தச் சில்லறையில்தான் எங்கள் தெருவுக்குப் பந்தல், நாற்காலி, பிணம் சுமக்கும் பாடை எல்லாம் வாங்கியிருக்கிறார்கள். டப்பா காலியாக இருந்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். முடியாத வீடோ என்று விசாரிக்க வருவார்கள்.

வீடு கட்டும்போது கூரை ஏற்ற ஊர் வரும். சாவென்றால் ஒலிபெருக்கியில் பெயர் சொன்ன ஒரு மணி நேரத்தில் பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். நீங்களும் போக வேண்டும். பணம் மட்டும் கொடுத்து அனுப்புவதை ஊர் ஏற்றுக்கொள்ளும், ஆனால் மறக்காது.

வயல்கள் குறைந்துகொண்டே வருகின்றனவா?

ஆம். விளைநிலத்தைக் காக்க 2009இல் ஒரு சட்டம் வந்தது. ஆனாலும் சாலை ஓரம் முழுவதும் கடை, வீட்டுமனை. சோலோவையும் யோக்யகர்த்தாவையும் இணைக்கும் சுங்கச்சாலை கிளாத்தென் வயல்களின் நடுவே போகிறது. இழப்பீடு சந்தை விலையைவிடக் கூடுதலாகவே வந்தது. நிலக்காரர்கள் வேறிடத்தில் வயல் வாங்கினார்கள், வீடு கட்டினார்கள். அந்த வயல்களை வாரத்துக்கு உழுதவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. எழுத்தில் இல்லாதவருக்கு எதை வைத்து இழப்பீடு கேட்பது?

ஊரில் எல்லோரையும் எப்படி அழைப்பது?

வயதான ஆணை 'பாக்', பெண்ணை 'பூ', தாத்தா பாட்டி வயதினரை 'ம்பா'. உங்களைவிடச் சற்று மூத்த ஆண் 'மாஸ்', பெண் 'ம்பாக்'. வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். நிலம் பற்றிப் பேசப் போனால், நிலத்தைப் பற்றி முதல் நாளே பேசாதீர்கள்.

அறுவடையைப் பார்க்க எப்போது வரலாம்?

தண்ணீர் உள்ள வயலில் ஆண்டுக்கு இரண்டு, சில இடங்களில் மூன்று போகம். இல்லாத இடத்தில் கோடையில் சோளம், சோயா. ஆகவே எப்போது வந்தாலும் எங்கேயாவது அறுப்பு இருக்கும்.

'விவித்தான்' பார்க்க முடிந்தால் பாருங்கள். அறுவடையின் முதல் நாள், வயலின் மூலையில் வாழையிலை விரித்து, சோறும் முழுக்கோழியும் வைத்து, தேவி ஸ்ரீயை அழைத்துவிட்டு, சில கதிர்களை மட்டும் முதலில் கொய்வார்கள். எங்கள் பக்கத்து தெலாங்குவின் பெருமையான ரோஜோலேலே நெல்லுக்கு இதை விடாமல் செய்தார்கள். அது ஐந்து மாதப் பயிர், ஆள் உயரம் வளரும், வாசனை அரிசி. குறுகிய காலப் பயிர்கள் வந்ததும் கைவிட்டார்கள். இப்போது ஸ்ரீனுக் என்ற பெயரில் அதையே குட்டையாகவும் நான்கு மாதப் பயிராகவும் மாற்றித் தந்திருக்கிறார்கள். சிலர் மறுபடி நடுகிறார்கள்.

விவித்தான் சோற்றை அந்த இடத்திலேயே எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். நிலக்காரர், உழுதவர், அறுக்க வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள், வழியில் போகிறவர். நீங்கள் வரப்பில் நின்றால் உங்கள் கையிலும் ஒரு பொட்டலம் வைப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.